சர்க்கரைக்கும் காதுக்கும் நடுவே நான்

"நீ இப்பல்லாம் வாய்க்குள்ளயே முனங்குற, ரெஜினா. மனுசனுக்குக் கேக்கிற மாதிரி பேசவே மாட்டேங்கிற."

சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து என் வீட்டுக்காரர் சொன்ன வார்த்தை இது. நான் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. யாரைப் பார்த்துச் சொன்னார்? கான்வென்ட்டில் மூன்று வருஷம் தொடர்ந்து பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவளைப் பார்த்து. கடைசி பெஞ்சுக்குக் கேட்கவில்லை என்றால் மதர் ஸ்கேலால் மேஜையைத் தட்டுவார். எனக்காகத் தட்ட வேண்டிய அவசியம் அவருக்கு ஒரு நாளும் வந்ததில்லை. "நான் முனங்கல. உங்களுக்குத்தான் கேக்கல" என்றேன். "எனக்கா?" என்று சிரித்துவிட்டு மோர் கேட்டார்.

சர்க்கரைக்காரரின் மனைவி என்பது ஒரு உத்தியோகம். சம்பளம் இல்லை, லீவு இல்லை, ரிட்டயர்மென்ட்டும் இல்லை. மேலதிகாரியும் நாம்தான், எடுபிடியும் நாம்தான். இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் அதே உத்தியோகத்தில்தான் இருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். அரிசியை ஒளித்துவைத்துவிட்டுக் கேழ்வரகைக் கிண்டிக்கொண்டே படிப்பீர்கள். கிண்டுங்கள். கை ஓயாமல் காதை மட்டும் இங்கே கொடுங்கள்.

எட்டுச் சொட்டு

நயா பைசா வந்து ஊரே சில்லறைக்குக் குழம்பிக் கிடந்த வருஷத்தில்தான் இவருக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்னார். ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம், வீட்டிலேயே சோதித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு கண்ணாடிக் குழாய், ஒரு ஸ்பிரிட் விளக்கு, ஒரு புட்டி நீல மருந்து வாங்க வைத்தார். ஒரு ஸ்பூன் நீல மருந்தில் எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டுக் காய்ச்ச வேண்டும். நீலமாகவே நின்றால் நல்லது. பச்சை என்றால் பரவாயில்லை. மஞ்சள் வந்தால் ஜாக்கிரதை. செங்கல் நிறம் வந்தால் அன்றைக்கு வீட்டில் சண்டை.

கான்வென்ட்டில் எனக்குத் தையலும் ஜெபமும் சொல்லிக் கொடுத்தார்கள். இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. முதல் நாள் குழாயைப் பிடிக்கத் தெரியாமல் கையைச் சுட்டுக்கொண்டேன். இரண்டாம் நாள் பொங்கி விளக்கின் மேலேயே ஊற்றிக்கொண்டது. மூன்றாம் நாள் ஒரு துணிக் கிளிப்பில் குழாயைக் கவ்வவைத்து, பின்கட்டில் நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு காய்ச்சினேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அடுத்த வீட்டுப் பாப்பாத்தி தலையை நீட்டினாள்.

"ஏக்கா, காலங்காத்தால அடுப்பில்லாம என்னத்தக் காய்ச்சுற? சேலைக்குச் சாயமா?"

ஆம்பளைக் குரல் மட்டும்

இரண்டு மூன்று வருஷம் கழித்து இந்த 'முனங்குற' வழக்கு ஆரம்பித்தது. எங்கள் மகள் தெரேஸுக்கு அப்போது பத்து வயது, குரல் ஊசி மாதிரி இருக்கும். அவள் முதுகுக்குப் பின்னால் நின்று "அப்பா" என்றால் இவர் திரும்ப மாட்டார். நான் அடுக்களையிலிருந்து கூப்பிட்டால் பதில் வராது. ஆனால் இவருடைய கூட்டாளி ராவுத்தர் வாசலில் செருமினால் போதும், எழுந்து நிற்பார். ரேடியோவில் ஆம்பளை செய்தி வாசித்தால் கேட்கும். பொம்பளை வாசித்தால் "இந்தப் பெட்டி ரிப்பேரு" என்று அதன் தலையில் ஒரு தட்டு.

நீங்கள் என்ன நினைப்பீர்களோ அதைத்தான் நானும் நினைத்தேன். ஆம்பளை சொன்னால் ஏறும், பொம்பளை சொன்னால் ஏறாது, அவ்வளவுதானே இந்த ஊர் ஆண்பிள்ளைகள் என்று ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாமல் இருந்ததும் அவருக்குத் தெரியவில்லை என்பதுதான் எனக்கு வந்த முதல் சந்தேகம். கோபம் அடங்கி உட்கார்ந்து யோசித்தபோது வேறொன்று தட்டுப்பட்டது. பொம்பளைக் குரல் மட்டுமல்ல, டைம்பீஸ் அலாரம் அடித்தாலும் இவர் எழுந்திருப்பதில்லை. டைம்பீஸுக்கு ஆண் என்ன, பெண் என்ன?

அந்த வாரம் வந்திருந்த என் நாத்தனார் செசீலியிடம், "உங்க அண்ணனுக்குக் காது மந்தமாகுது" என்று சொன்னேன். முறுக்கைக் கடித்துக்கொண்டே சொன்னாள்.

"எங்க அண்ணனுக்குக் காது நல்லாத்தான் இருக்கு மதினி. பதினெட்டு வருசமா உங்க பேச்சக் கேட்டு அதுக்குத்தான் அலுத்துப்போச்சு."

துண்டுக்கு அடியில்

என் வீட்டுக்காரருக்கு ஆட்டு வியாபாரம். வாராவாரம் அய்யலூர்ச் சந்தைக்கு ராவுத்தரோடு போய் ஆடு பிடித்து வருவார். ஆடு கசாப்புக்கும் தோல் பதனிடுகிற ஷாப்புக்கும் போகும். காது கேட்காத ஆள் சந்தையில் எப்படி வியாபாரம் பண்ண முடியும், அங்கே மாட்டிக்கொள்வாரே என்று நினைத்து ராவுத்தரிடம் விசாரித்தேன்.

அங்கேதான் நான் ஏமாந்தேன். சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. வாங்குகிறவர் கையும் விற்கிறவர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். இத்தனை விரல் பிடித்தால் இத்தனை என்று உள்ளுக்குள்ளேயே பேசி முடித்துவிடுவார்கள். சுற்றி நிற்கிற ஐம்பது பேருக்கு ஒன்றும் தெரியாது. காதே இல்லாதவன்கூட அங்கே ராஜா மாதிரி வியாபாரம் பண்ணலாம். இவருடைய செவிட்டை அந்தத் துண்டு எத்தனை காலமாக மூடிவைத்திருந்ததோ. ராவுத்தர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"காதா? என்னம்மா சொல்றீங்க? இம்புட்டு வருசத்துல அவரு ஒரு விரலத் தப்பா எடுத்ததில்லையே."

வழி தெரியாத வியாதி

ஒரு நாள் இவர் கடைத்தெருவிலிருந்து ஒற்றைச் செருப்போடு வந்தார். இன்னொன்று எங்கே கழன்றது என்று அவருக்கே தெரியவில்லை, கால் மரத்துப்போயிருந்தது. டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். ஊசியால் பாதத்தைக் குத்திப் பார்த்துவிட்டு, சர்க்கரை நரம்பைத் தொடும், நுனியில்தான் முதலில் தெரியும் என்றார். "அப்படின்னா காதுக்குள்ள இருக்கிறதும் நரம்புதானே டாக்டர்? அதையும் தொட்டிருக்கலாமே" என்றேன்.

டாக்டர் நல்ல மனிதர். ஆனால் எந்த டாக்டருக்குமே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளை முதலில் கண்டுபிடித்த வியாதி பிடிக்காது. காதுக்குள் டார்ச் அடித்தார், கொஞ்சம் அழுக்கு எடுத்தார், வயசாகுது என்றார். நாற்பத்தாறு வயசா வயசு? வீட்டில் காய்ச்சிப் பார்த்தால் என்ன நிறம் வருகிறது என்று கேட்டார். பச்சை என்றேன். தினமுமா? தினமும் பச்சைதான். அப்புறம் என்ன என்பது போலப் பேனாவை மூடினார்.

"அம்மா, சர்க்கரை கண்ணுக்குப் போகும், காலுக்குப் போகும், கிட்னிக்குப் போகும். காதுக்கு அதுக்கு வழி தெரியாது."

சாக்பீஸ் கோடு

வழி தெரியாது என்றால் காட்டிவிடுவது என்று முடிவு பண்ணினேன். ஞாயிறு பூசைக்குப் போகும் முன் வீடு அமைதியாக இருக்கும். கூடத்து மேஜைமேல் டைம்பீஸை வைத்தேன். இவரைக் கண்ணை மூடிக்கொண்டு மேஜையடியிலிருந்து பின்பக்கமாக நடக்கச் சொன்னேன். டிக் டிக் நின்றுபோன இடத்தில் "கேக்கல" என்று சொல்ல வேண்டும். எனக்குப் புத்தி பிசகியிருக்கிறது என்று நிரூபிக்கக் கிடைத்த சந்தர்ப்பம் என்று அவரும் சந்தோஷமாகவே நடந்தார். நின்ற இடத்தில் சிமெண்டுத் தரையில் ஒரு கோடு போட்டேன். பத்தடி.

மாதம் ஒரு தடவை நடக்கவைத்தேன். ஏழு மாதத்தில் கோடு பத்திலிருந்து எட்டுக்கு வந்தது, எட்டிலிருந்து ஆறுக்கு வந்தது. அதே மேஜையடியிலிருந்து தெரேஸும் நடந்து பார்த்தாள்; அவளுக்கு வாசற்படி தாண்டியும் கேட்டது. ஆறடிக் கோட்டைப் பார்த்த அன்று அவர் சிரிக்கவில்லை. குனிந்து காலால் கோட்டைத் தேய்த்து அழித்தார். நான் அதே இடத்தில் மறுபடி போட்டேன்.

"இந்த டைம்பீஸுக்குச் சாவி குடுக்காம வச்சிருக்கியா நீ?"

கூண்டுக்குள் ஒரு கூவல்

இனி எழுதப்போவதை எழுதலாமா என்று அவரையே கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலத்தில் ஒரு சனிக்கிழமை மாலை. கோவிலில், குருவிடம் பாவத்தைச் சொல்லுகிற பாவசங்கீர்த்தனக் கூண்டுக்கு இந்தப் பக்கம் பெண்கள் வரிசை, அந்தப் பக்கம் ஆண்கள் வரிசை. இவர் போய் முழங்காலிட்டார். காது மந்தமானவர்களுக்குத் தங்கள் குரலே எவ்வளவு சத்தம் என்று தெரியாது. இது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவர் வரையில் குசுகுசுவென்றுதான் பேசினார். எங்கள் வரையில் பிரசங்கம். "சாமி, அய்யலூர்ச் சந்தையில வாராவாரம் சீனிச்சேவு ஒரு பொட்டலம் வாங்கித் திங்கிறேன். பெண்டாட்டிகிட்ட இல்லேன்னு பொய் சொல்றேன். அவ காய்ச்சிப் பாக்குற மூத்திரத்துல பாதிக்குப் பாதி தண்ணி கலந்து குடுக்கிறேன்."

வரிசையில் எனக்கு முன்னால் பதினோரு பெண்கள். பதினோரு முக்காடும் ஒன்றாகக் குலுங்கின. பங்குச்சாமி உள்ளே "மெதுவா, மெதுவா" என்கிறார். அது இவருக்குக் கேட்கவில்லை. எத்தனை நாள் பச்சை பார்த்து நான் நிம்மதியாகக் கேழ்வரகு கிண்டினேன்! அந்தப் பச்சையை நம்பித்தானே டாக்டரும் பேனாவை மூடினார். இதை எழுதட்டுமா என்று இப்போது கேட்டதற்கு அவர் சொன்னது:

"எழுது. கோயிலே கேட்டதுதான."

சாமியிடம் ஒரு சந்தேகம்

வீட்டுக்குப் போய்த் தொலைத்துக்கட்டுவது என்றுதான் கிளம்பினேன். படியிறங்கும்போது கான்வென்ட் ஞானோபதேச வகுப்பு குறுக்கே வந்து நின்றது. பாவசங்கீர்த்தனத்தைத் தற்செயலாகக் கேட்டவர்களும் வாயைத் திறக்கக் கூடாது. குருவுக்கு உள்ள கட்டுப்பாடு அவர்களுக்கும் உண்டு. மதர் இதைச் சொன்னபோது, இது யாருக்கு எப்போது நேரப்போகிறது என்று நினைத்திருக்கிறேன்.

திரும்பிப் போய்ப் பங்குச்சாமியைக் கேட்டேன். நேராகச் சொல்லாமல், "ஒரு பெண்பிள்ளை தெரியாமல் ஒன்றைக் கேட்டுவிட்டாள். கேட்டதை வைத்துத் தன் புருஷனைத் திட்டலாமா?" என்றேன். சாமி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். திட்டக் கூடாது, கேட்டதாகக் காட்டிக்கொள்ளவும் கூடாது என்றார். "அந்த ஆளுக்கு இதனால் உடம்பு கெடுகிறது சாமி" என்றேன். கேட்டதை வாயில் எடுக்காமல் அவள் வேறு எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்றார். நான் எழுந்தேன்.

"கோவப்படாமச் செய்யணும்மா. அதுதான் உனக்குக் கஷ்டம்."

அண்டா கழுவிய நாள்

கோபப்படவில்லை. திங்கட்கிழமை காலை அவர் எழுந்திருக்கும் முன் பின்கட்டு அண்டாவைக் கவிழ்த்துக் கழுவினேன். அதில் பாசி பிடித்திருந்தது, அது பொய்யில்லை. வாளியைக் கொல்லருக்கு அடைப்புப் போடக் கொடுத்தனுப்பினேன். அதில் ஓட்டை இருந்தது, அதுவும் பொய்யில்லை. குடத்தையும் செம்பையும் அடுக்களையில் என் காலடியில் வைத்துக்கொண்டேன். பின்கட்டுக்குப் போன மனுஷர் நெடுநேரம் அங்கே நின்றார். கடைசியில் மூத்திரப் புட்டியோடு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.

எட்டுச் சொட்டு விட்டேன். பச்சை வரும் முன்னே மஞ்சள் வந்தது, மஞ்சள் நிற்கவில்லை. குழாயின் அடியில் அசல் செங்கல் பொடி இறங்கியது. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் ஆயுசில் அதைவிடப் பெரிய தபசு நான் செய்ததில்லை. குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் அவருக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கண் குழாயிலிருந்து பின்கட்டுப் பக்கம் போனது.

"அண்டாவ எதுக்கு இன்னிக்குப் போய்க் கழுவுன?"

மூன்றா, நாலா

செங்கல் நிறத்தைப் பார்த்த டாக்டர் மாத்திரை போதாது, தினம் ஊசி போட வேண்டும் என்றார். இவர் முடியாது என்றார். சீனிச்சேவை விடுகிறேன், சோற்றை விடுகிறேன், ஊசி மட்டும் வேண்டாம். ஊசி போட்டால் சந்தையில் சீக்காளி என்பார்கள், சீக்காளியோடு எவனும் துண்டுக்குள் கை கொடுக்க மாட்டான். ஒரு மாதம் நான் சொன்னேன், அவர் கேட்கவில்லை. உண்மையாகவே பாதிதான் கேட்டது.

அந்த மாதக் கடைசியில் ராவுத்தர் தனியாக வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அன்றைக்குச் சந்தையில் ஆடு விற்கிற எதிராளி நாலு விரலைப் பிடித்தான். இவர் அதை மூன்று என்று எடுத்து வியாபாரத்தை முடித்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் எதிராளி அதட்டி ஏதோ கேட்டிருக்கிறான். அது இவர் காதில் விழவில்லை. பதில் சொல்லாமல் நின்றது திமிர் என்று ஆகிப் பெரிய ரகளை. காதைத்தான் துண்டு மூடியது. விரல் மரத்துப்போனால் அதை மூட எந்தத் துண்டும் கிடையாது. ராவுத்தர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"விரல் போனா அவருக்குச் சந்தையே போச்சும்மா. நீங்க அன்னிக்குக் காதுன்னப்பவே நான் கேட்டிருக்கணும்."

ஊசி

பின்னாலேயே இவரும் வந்தார். முற்றத்தில் உட்கார்ந்து வலது கை விரல்களை ஒவ்வொன்றாக இடது கையால் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதிரே போய், அவர் கண்ணுக்கு நேரே உட்கார்ந்து, கடைசி பெஞ்சுக்குக் கேட்கும் குரலில் சொன்னேன்: "போன காது திரும்பாது. மிச்சமிருக்கிறத வச்சுக்கணுமா வேண்டாமா, சொல்லுங்க." அவர் தொடையைக் காட்டினார்.

மறுநாளிலிருந்து நான் கம்பவுண்டரும் ஆனேன். கண்ணாடி ஊசிக்குழலை வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைப்பது, மருந்துப் புட்டியை ஈர மணல் பானைக்குள் குளிர்ச்சியாகப் புதைத்துவைப்பது, முனை மழுங்கினால் சாணைக்கல்லில் தேய்ப்பது எல்லாம் என் வேலை. ஒரு தடவை மருந்து கொஞ்சம் தூக்கலாகப் போய், சர்க்கரை அளவு மீறி இறங்கி அவர் வேர்த்துக் கொட்டி நடுங்க, நானே அவர் வாயில் சீனியை அள்ளிப் போட்டேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் என்னிடம் பொய் சொல்லாமல் தின்ற சீனி அது ஒன்றுதான். ஞாயிறு நடை நிற்கவில்லை. ஒரு வருஷமாகியும் டைம்பீஸ் அவருக்கு ஆறடியில் கேட்டது. ஏழடிக்குப் போகவில்லை, அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஐந்தடிக்கு இறங்கவில்லை, எனக்கு அது போதும். விரலிலும் கொஞ்சம் உணர்ச்சி திரும்ப, ராவுத்தர் மறுபடி சந்தைக்குக் கூட்டிப் போனார். முதல் நாள் கிளம்பும்போது இவர் தொடையைத் தடவிக்கொண்டு சொன்னார்:

"ஆட்டுக்குக் குத்துற மாதிரி குத்துற ரெஜினா. நாளைக்கும் மறந்துராத."

பெஞ்சு

டாக்டர் சர்க்கரைக்காரர்களை வெள்ளிக்கிழமை காலையில் பார்ப்பார். போன வாரம் மருந்து எழுதி வாங்க நான் மட்டும் போயிருந்தேன். நீளப் பெஞ்சில் ஆறு ஜோடி. ஆண்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் என்னைப் பார்த்தார்கள். சும்மா இருக்க முடியாமல், "உங்க வீட்டுக்காரருக்குக் காது எப்படி?" என்று கேட்டுவைத்தேன். வேடசந்தூர்ப் பெண், "மில்லு இரைச்சல்ல கொஞ்சம் அடைச்சிருக்கு, வேற ஒண்ணுமில்ல" என்றாள். கீரனூர்ப் பெண், "காதெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. நாம கூப்பிட்டா திரும்பறதில்லீங்க, திமிருங்க" என்றாள். மூன்றாமவள், தன் மகளைக் கண்டாலே வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை, அவள் பேசினால் பதிலே சொல்வதில்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மற்ற மூன்று பேரும் தலையை ஆட்டினார்கள்.

இந்த உத்தியோகத்தில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: புருஷன் நம் சொல் கேட்கவில்லை என்றால் அவர் குணத்தை ஆராய்வதற்கு முன்னால் அவர் மூத்திரத்தைக் காய்ச்ச வேண்டும், அதையும் தண்ணீர் கலக்காமல்.

எழுந்து போய் டாக்டரின் அறை வாசலில் நின்றேன். பெஞ்சு முழுக்கக் கேட்கும்படியே சொன்னேன்.

"டாக்டர், இந்த ஆறு பேரோட காலைப் பாக்குற மாதிரி, ஒரே ஒரு தடவை காதையும் சோதிச்சுப் பாருங்களேன்."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார். பெண்கள் மடியைப் பார்த்தார்கள். கம்பவுண்டர் தன் கீச்சுக் குரலில் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்; இரண்டாம் தடவையும் கூப்பிட்டார். கீரனூர்ப் பெண் தன் புருஷனை விலாவில் இடித்து எழுந்து நிற்கவைத்தாள்.